எதிர்வீட்டைவிட ஒரு சாண் உயரம்

ஒரு பெரிய ஏரி. ஏரிக்கு ஒரு மண்கரை. கரைக்கு இந்தப் பக்கம், பள்ளத்தில், மிருகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வளை தோண்டிக் குடியிருந்தன. அந்த இடத்துக்கு ஏரிக்கரை நகர் என்று பெயர். நகர் என்றால் சும்மாவா? தெரு உண்டு. தெருச்சண்டை உண்டு. குடியிருப்போர் நலச்சங்கம் உண்டு. சங்கத்துக்குத் தலைவரும் உண்டு. வேலை நடந்ததாகத்தான் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்தத் தெருவில் தெய்வானை என்று ஒரு பெருச்சாளி. அவளுக்கு இன்னும் கண் திறக்காத ஐந்து குட்டிகள். போன மழைக்குத் தெருத்தண்ணீர் அவள் வாசல் வழியாக வளைக்குள் வந்துவிட்டது. அப்போது குட்டிகள் இல்லை, தப்பித்தாள். இப்போது?

"ஒரு சொம்புத் தண்ணி உள்ளே வந்தாலும் என் பிள்ளைங்க மூச்சு நின்னுடுமே!" என்று பதறினாள். உடனே வாசலை மறித்து ஒரு சாண் உயரத்துக்குப் படி கட்டினாள். மண்ணுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால்தான் ஏரிக்கரை இருக்கிறதே! தோண்டினாள், எடுத்தாள், கொட்டினாள்.

ஒரு சாண் போதும். தெருத்தண்ணீர் வராது. குட்டிகள் நிம்மதியாகத் தூங்கலாம். கதையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எதிர்வீட்டில் கமலவேணி இருந்தாளே!

கமலவேணி ஒரு முயல். காதை இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு ஆட்டாமல் அவளுக்குப் பேச்சு வராது. மறுநாள் காலை அவள் வாசலில் இரண்டு சாண் படி நின்றது. மேலே வெள்ளைக் கூழாங்கல் வேறு!

"என்ன கமலா, திடீர்னு படி?" என்றாள் தெய்வானை, மீசை துடிக்க.

"அதுவாக்கா? எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார். எதிர்ல பார்த்தா கண்ணுக்கு லட்சணமாவே இல்லையாம். நாமளாவது அழகாக் கட்டுவோமேன்னார்!" காது இந்தப் பக்கம். காது அந்தப் பக்கம்.

தெய்வானையின் வயிறு எரிந்தது. அந்த நேரம் அவள் வயிற்றில் சோளம் போட்டிருந்தால் பொரிந்திருக்கும்.

அன்று சாயங்காலமே அவள் படி மூன்று சாண் ஆனது. அதைப் பார்த்துக் கமலவேணியின் படி நான்கு சாண் ஆனது. தெய்வானை படிக்கு இரண்டு பக்கமும் தூண் வைத்தாள். கமலவேணி தூணுக்குமேல் வளைவு வைத்தாள். தெய்வானை அந்த வளைவைப் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பிடவே இல்லை.

"குட்டிங்க பசியில கத்துதே, கேக்கலையா?" என்றான் அவள் புருஷன்.

"கத்தட்டும்! அவ வளைவு வெச்சிருக்கா, வளைவு! உமக்கு ரோஷமே கிடையாதா?"

பொறாமை தொற்றுநோய் அல்லவா? கீரி கட்டினான். உடும்பு கட்டினான். "அவங்களே கட்டும்போது நமக்கென்ன கொறச்சல்?" என்று நரியும் கட்டினான். எல்லாரும் மண் எடுத்தது ஒரே இடத்தில்தான். அது பொதுக்கரை. கேட்பதற்கு யாரும் இல்லை. தெய்வானை பாவம், அவசரக்காரி; தன் வீட்டுப் பின்சுவரையே துளைத்து, அங்கிருந்தே நேராகக் கரையைக் குடைந்துவிட்டாள். போக வர வசதியாம்!

கரைமேல் குடியிருந்தது ரோசலின் என்ற ஆட்காட்டிப் பறவை. அவளுக்குத் தொண்டை பெரிது. தலைவர் வைத்தியலிங்கத்திடம் பறந்தாள். தலைவர் ஒரு தேரை. மூச்சை உள்ளே இழுத்து, தொண்டையை ஊதி, அதற்குப் பிறகுதான் ஒரு வார்த்தை சொல்லுவார்.

"தலைவரே! தலைவரே! கரையைச் சுரண்டுறாங்க! பாதிக் கரை காணோம்!"

"அம்மணி..." தொண்டை ஊதியது. "தங்கள் புகார்..." மறுபடியும் ஊதியது. "பரிசீலனையில்... உள்ளது!"

"உங்க வாசல்ல ஒரு மேடை இருக்கே, அது எந்த மண்ணு?"

"அது... அது... வேறு துறை!" என்று சொல்லிவிட்டுத் தலைவர் பொந்துக்குள் தாவிவிட்டார்.

ரோசலின் தெருவில் நின்று கத்தினாள். "கரை போகுது! கரை போகுது! மழை வந்தா நிக்காது!"

"இவளுக்கு வாசலே கிடையாது. வாசல் இருக்கிறவங்களைக் கண்டா பொறாமை!" என்றாள் தெய்வானை.

"கரெக்டாச் சொன்னீங்கக்கா!" என்றாள் கமலவேணி.

அந்தத் தெருவில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கடைசியில் தெய்வானை படியை ஐந்து சாணுக்கு ஏற்றினாள். எதிர்வீட்டைவிட ஒரு சாண் உயரம்! விடுவாளா? படித் திறப்பு விழா வைத்தாள். தாமரை இலையில் பேனர் கட்டினாள். "ஏரிக்கரை நகரின் உயர்ந்த இல்லமே! வருக வருக!" என்று எழுதி, நடுவில் தன் படம். மூலையில், மிகச் சின்னதாக, புருஷன் படம்.

விழா நாளன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பேய்மழை. தெய்வானை அசரவில்லை. படி உச்சியில் ஏறி நின்றாள். "பார்த்தீங்களா! தெருத்தண்ணி ஒரு சொட்டு என் வீட்டுக்குள்ள போகுதா?"

போகவில்லைதான். கமலவேணி வேண்டா வெறுப்பாகக் கைதட்டினாள். அவள் குட்டிகள் மூன்றும் அவள் முதுகில் தொற்றிக்கொண்டிருந்தன. "நாளைக்கே நான் ஆறு சாண்!" என்று பல்லைக் கடித்தாள்.

தலைவர் தொண்டையை ஊதினார். "இந்தப் படியானது..."

"ஓடுங்க! ஓடுங்க! கரை உடைஞ்சிருச்சு!" ரோசலின் தலைக்குமேல் வட்டமடித்துக் கதறினாள்.

"வந்துட்டாப்பா, பொறாமைக்காரி!" என்றாள் தெய்வானை.

அந்த நொடியில் அவள் முதுகுக்குப் பின்னால், வளைக்குள்ளே, குபுகுபு என்று ஒரு சத்தம். அவள் கரையைக் குடைந்த வழியிலேயே ஏரி உள்ளே வந்துகொண்டிருந்தது!

முன்வாசல் வழியாகத் தண்ணீர் வெளியேற முடியுமா? முடியாது. ஐந்து சாண் படி குறுக்கே நிற்கிறது. வளை தொட்டிபோல நிரம்பத் தொடங்கியது. உள்ளே குட்டிகள் கீச்சுகீச்சென்று கத்தின.

"அக்கா! படியை இடிங்க! தண்ணி வெளியே போகட்டும்!" என்று கமலவேணி முதுகிலிருந்த குட்டிகளைத் தன் படிமேல் இறக்கிவிட்டுப் பாய்ந்து வந்து காலால் மண்ணை உதைத்தாள்.

"தொடாதே! என் படிமேல கண்ணு வெச்சவளே! முதல்ல உன் படியை இடி!"

"அக்கா, உள்ளே பிள்ளைங்க!"

கீச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த கணம் தெய்வானையே தன் படிமேல் விழுந்தாள். பல்லால் கடித்தாள். நகத்தால் பிய்த்தாள். தூண் போயிற்று. பேனர் போயிற்று. கமலவேணி பின்னங்காலால் உதைத்த உதையில் படியின் அடிப்பாகம் பிளந்தது. தண்ணீர் சோவென்று தெருவுக்குக் கொட்டியது. அதோடு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு குட்டிகள் உருண்டு வந்தன.

"ஐந்தாவது எங்கே? என் கடைக்குட்டி எங்கே?"

கமலவேணி இருட்டு வளைக்குள் தலைகீழாகப் பாய்ந்தாள். அவள் திரும்பி வரும்வரை தெய்வானை மூச்சே விடவில்லை. முதலில் இரண்டு காதுகள் வெளியே வந்தன. பிறகு அவள் வாய். வாயில் கடைக்குட்டி! அது இருமியது. தும்மியது. பிறகு தெருவே அதிரும்படி கத்தியது.

அழுவதற்கு நேரமில்லை. கரையின் உடைப்பு அகன்றுகொண்டே போனது.

"மண்ணு வேணும்! நிறைய மண்ணு!" என்றாள் ரோசலின். "எங்க இருக்கோ அங்க இருந்து கொண்டாங்க!"

எல்லாரும் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீரி பெருமூச்சுவிட்டுத் தன் படியை இடித்தான். நரி இடித்தான். உடும்பு வாலால் ஒரே அடி. வெள்ளைக் கூழாங்கல், வளைவு எல்லாம் உடைப்புக்குள் போயின. மண் கரைந்து ஓடாமல் இருக்கத் தலைவரே தன் வயிற்றை ஊதிக்கொண்டு ஓட்டையில் உட்கார்ந்தார். பதவிக்கு வந்த பிறகு அவர் உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஒருவழியாகக் கரை நின்றது. வளைகள் எல்லாம் சேறு. மழைக்காலம் முடியும்வரை எல்லாரும் ரோசலினுக்குப் பக்கத்திலேயே, கரைமேல், ஒரே மட்டத்தில், வரிசையாகத் தங்கவேண்டியதாயிற்று. பெருச்சாளிக் குட்டிகளும் முயல்குட்டிகளும் ஒரே குவியலாகத் தூங்கின. எது யாருடைய வால் என்றே தெரியவில்லை.

தெய்வானை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கமலா, நீ மட்டும் இல்லேன்னா..." என்று தொடங்கினாள்.

"விடுங்கக்கா."

தெய்வானை அந்தக் குவியலை மறுபடியும் ஒரு நோட்டம் விட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஆமா, உன் பிள்ளைங்களுக்கு மட்டும் காது எப்படி இவ்வளவு நீளமா இருக்கு?"

கமலவேணி திடுக்கிட்டுத் தன் குட்டிகளின் காதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். தெய்வானைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டைவிட உயரவேண்டும் என்று ஊர்க்கரையில் மண் எடுப்பவர், தம் வீட்டுக்குள் தாமே வெள்ளத்துக்கு வழி வெட்டுகிறார்.