ஆள்காட்டி வைக்காத தடம்

ஆவாரங்குளத்தின் தென்கரைக்கு முதலில் பறிபோனது தவளைகளின் பள்ளம். மயில் ஆடுவதற்கு இடம் போதவில்லை என்று வடகரைக்காரர்கள் அதில் மண்ணைத் தள்ளி மூடினார்கள். இரண்டாவதாகப் போனது மருதமர நிழல். நண்பகலில் அங்கே வடகரைக்காரர்கள் மட்டுமே படுக்கலாம் என்று சபை தீர்மானித்தது. மூன்றாவதாகப் போனது தண்ணீர் குடிக்கும் வழி. அதன் நடுவில் காட்டுப்பன்றியின் தம்பி படுத்துக்கொண்டது. ஆமைகள் அரை நாள் சுற்றிப் போய்த் தண்ணீர் குடித்தன. நான்காவதாக, சபையின் மூத்த உறுப்பினரான ஆள்காட்டிக் குருவியின் பெயரைக் கடைசியில் வாசிக்கத் தொடங்கினார்கள்.

இந்த நான்கையும் வரிசை மாறாமல் சொல்வது ஆள்காட்டிக் குருவிதான். கேட்க ஒருவர் கிடைத்தாலும் போதும், முதலிலிருந்து தொடங்கும். நடுவில் நிறுத்தினால் கோபம் வரும். நான்காவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இன்னும் கொஞ்சம் உயரும்.

குளத்துச் சபையில் ஐந்து உறுப்பினர்கள். காட்டுப்பன்றி தலைவர். மயிலும் முயலும் ஆமையும் ஆள்காட்டியும் மற்ற நால்வர். மைனா கணக்கர். மடைக்குப் பக்கத்தில் இரண்டு சேற்றுத் திட்டுகள் இருந்தன. தீர்மானத்தை ஏற்பவர் வலது திட்டில் கால் பதிப்பார். எதிர்ப்பவர் இடது திட்டில் பதிப்பார். உச்சி வெயிலில் சேறு இறுகிவிடும். இறுகிய பிறகு அடுத்த மழை வரை யாரும் அதை மாற்ற முடியாது.

இன்னொரு விதியும் உண்டு. எந்தத் திட்டிலும் கால் பதிக்காதவர் தீர்மானத்துக்குச் சம்மதித்தவர். ஒரு கோடையில் தண்ணீரைப் பங்கிடும் தீர்மானத்தை ஆள்காட்டி கொண்டுவந்தது. வடகரைக்காரர்கள் சபைக்கே வராமல் மூன்று முறை இழுத்தடித்தார்கள். ஆள்காட்டி பதினைந்து நாள் இடைவிடாமல் கத்தி இந்த விதியை வாங்கியது. அது அதன் வாழ்நாள் வெற்றி.

இப்போது காட்டுப்பன்றிக்குக் கோரைக்கிழங்கின் மேல் ஆசை வந்துவிட்டது. தென்கரையை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டால் கோரை முளைத்த இடம் முழுவதும் வெளியே தெரியும். ஆசை தீரத் தோண்டித் தின்னலாம். ஆனால் அந்தக் கோரைக்கு நடுவில்தான் முக்குளிப்பான் இணையின் மிதக்கும் கூடு இருந்தது.

சபை கூடும் நாள் காலையில் தாய் முக்குளிப்பான் ஆள்காட்டியிடம் வந்தது.

"அண்ணே, நாலு முட்டை. இன்னும் பத்து நாள்ல பொரிஞ்சிடும். கரையை வெட்டிட்டாங்கன்னா கூடு சேத்துல உக்காந்துரும்."

"வெட்டுவாங்களா? வெட்டிப் பார்க்கட்டும்!"

"அதில்லண்ணே. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தா கூட்டை உச்சிவெயிலுக்குள்ள வடபக்கம் ஆழத்துக்குக் கொண்டு போயிடலாம். இழுக்கட்டுமா?"

ஆள்காட்டி நெஞ்சை நிமிர்த்தியது. "எதுக்கு ஓடணும்? இது உன் இடம்! முயலும் ஆமையும் நம்ம பக்கம். என் காலையும் சேர்த்தா மூணு. என் குரல் கேட்டுக்கிட்டே இருக்குற வரைக்கும் நீ கூட்டை அசைக்காதே!"

முக்குளிப்பானுக்கு நிம்மதியாக இருந்தது. அது கூட்டுக்குத் திரும்பியது.

சபை கூடியது. தவளைச் சத்தத்தைப் பற்றி மயில் புகார் சொன்னது. விழுந்து கிடந்த பனைமட்டையை யார் அகற்றுவது என்பது மூன்றாம் முறையாகத் தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் தென்கரைத் தீர்மானம் வந்தது.

காட்டுப்பன்றியும் மயிலும் வலது திட்டில் கால் பதித்தன. முயலும் ஆமையும் இடது திட்டில் பதித்தன. மைனா கடைசிப் பெயரை வாசித்தது.

"ஆள்காட்டி!"

காட்டுப்பன்றிக்கு ஆள்காட்டியின் குணம் நன்றாகத் தெரியும். அது சிரித்துக்கொண்டே சொன்னது: "எதுக்கு மைனா வீணா கூப்பிடுறே? அதோட குச்சிக்கால் சேத்துல பதியவா போகுது! கத்தச் சொல்லு, கத்தும். வேற என்ன தெரியும்?"

மயில் தோகை குலுங்கச் சிரித்தது. "கடைசிப் பேருக்குக் கடைசி மரியாதை!"

இடது திட்டு இரண்டடி தூரத்தில்தான் இருந்தது.

"மூத்தவனை அவமதிக்கிற சபையில என் கால் படாது! வெளிநடப்பு செய்யறேன்!"

"அண்ணே, காலை வெச்சிட்டுக் கோபப்படுங்க!" என்று ஆமை கத்தியது.

ஆள்காட்டி அதற்குள் பறந்து பாறை மேல் போய் நின்றுவிட்டது. அங்கே ஏழு தவிட்டுக்குருவிகள் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன.

"கேளுங்க! தென்கரைக்கு நடந்த முதல் அநீதி என்ன தெரியுமா?"

தவிட்டுக்குருவிகள் தலையைச் சாய்த்துக் கேட்டன. பள்ளத்தின் கதை முடிந்ததும் சிறகைத் தட்டின. நிழலின் கதை தொடங்கியது. எங்கிருந்தோ இரண்டு அணில்களும் ஓர் ஓணானும் வந்து சேர்ந்தன. ஆள்காட்டியின் குரல் குளம் முழுவதும் எட்டியது. பேச்சு அன்று நன்றாகத்தான் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது. "அண்ணே! சேறு காயுது! ரெண்டுக்கு ரெண்டு நிக்குது. உங்க கால் ஒண்ணுதான் பாக்கி!"

"இரு! இப்பதான் ரெண்டாவது முடிஞ்சிருக்கு."

"நேரா கரை விஷயத்துக்கு வாங்கண்ணே!"

"வரிசைன்னு ஒண்ணு இருக்கு. மூணாவது சொல்லாம நாலாவது எப்படிப் புரியும்? நாலாவதுதான் முக்கியம்!"

"நீங்க பதிக்கலேன்னா சம்மதம்னு எடுத்துக்குவாங்களே! நீங்க வாங்கின விதிதானே?"

ஆள்காட்டி அதை ஏளனமாகப் பார்த்தது. "நான் சம்மதிச்சேன்னு எவன் சொல்லுவான்? என் எதிர்ப்பு இந்தக் குளத்துக்கே கேக்குது!"

முயல் இரண்டாவது முறையும் வந்தது. அப்போது நான்காவது அநீதி நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறை முயல் வரவில்லை.

பேச்சை முடித்துக் சிறகுத் தட்டலை வாங்கிக்கொண்டு ஆள்காட்டி இறங்கியபோது சூரியன் உச்சியைத் தாண்டி வெகு நேரமாகியிருந்தது. அது மிடுக்காக நடந்துபோய் இடது திட்டில் காலை வைத்தது. அழுத்தியது. எடுத்துப் பார்த்தது. ஒன்றும் பதியவில்லை. குதித்தது. சேறு கல்லாகியிருந்தது.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆள்காட்டி கோரைப் பக்கம் பறந்தது. காட்டுப்பன்றியும் தம்பியும் கரையை மூக்கால் பெயர்த்து முடித்திருந்தன. தண்ணீர் ஓசையோடு வெளியேறிக்கொண்டிருந்தது. கூடு சேற்றில் ஒட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முக்குளிப்பான்கள் இரண்டும் அதை இழுத்துக்கொண்டிருந்தன. அது நகரவில்லை.

"காலையிலேயே ஏன் இழுக்கல? நான் இவ்வளவு நேரமா வரலேன்னு தெரியலையா?" என்று ஆள்காட்டி பதறியது.

தாய் முக்குளிப்பான் நிமிர்ந்து பார்த்தது. "உங்க குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சேண்ணே."

மறுநாள் காலையில் கீரி சேற்றைக் கடந்து கூட்டுக்கு நடந்து போனது. தண்ணீர் இருந்தவரை அதனால் அங்கே போக முடிந்ததில்லை. ஆள்காட்டி அதன் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தியது. கீரி ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல் நான்கு முட்டைகளையும் தின்றது.

குளத்தை விட்டுப் போகிறவர்களுக்கு ஓர் உரிமை உண்டு. தங்களை வெளியேற்றிய தீர்மானத்துக்குச் சம்மதித்தவர்களின் பெயர்களைச் சாட்சிகளுக்கு முன்னால் வாசிக்கச் சொல்லலாம். அந்த உரிமையையும் ஆள்காட்டிதான் ஒரு காலத்தில் போராடி வாங்கிக் கொடுத்திருந்தது. குளத்தை விட்டுக் கிளம்பிய முக்குளிப்பான் இணை அதைக் கேட்டது.

எல்லாரும் மடைக்கு வந்தார்கள். தவிட்டுக்குருவிகள் ஏழும் வந்தன. அணில்களும் ஓணானும் வந்தன. வரிசையின் கடைசியில் ஆள்காட்டி நின்றது. யாரும் அதை அங்கே தள்ளவில்லை.

மைனா வலது திட்டின் தடங்களைப் பார்த்து உரக்க வாசித்தது.

"காட்டுப்பன்றி."

காட்டுப்பன்றி கிழங்கை மென்றுகொண்டே தலையாட்டியது.

"மயில்."

மயில் வேறு பக்கம் பார்த்தது.

மைனா கொஞ்சம் தயங்கியது. மூன்றாவது தடம் திட்டில் இல்லை. விதி மட்டும் இருந்தது. ஆள்காட்டி வாயைத் திறந்தது. முதல் அநீதியிலிருந்து தொடங்கினால் விளக்கிவிடலாம் என்று நினைத்தது. தாய் முக்குளிப்பான் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. ஆள்காட்டி வாயை மூடிக்கொண்டது.

"ஆள்காட்டி."

தன் எதிர்ப்பை ஊர் முழுக்க முழங்கினாலும், அதைப் பதிக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ரோஷத்தோடு எழுந்து போனவன் அந்த அநீதிக்குச் சம்மதித்தவனே ஆவான்.