வளர்கிற பிள்ளைகளின் சட்டை

முத்துவீர பூபதி என்று ஒரு மலைநாட்டு ராஜா. அவருக்கு நல்ல மனசு உண்டு. ஆனால் அது அடிக்கடி அவசர வேலையாக வெளியூர் போய்விடும். அவர் அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை அரண்மனைச் செலவில் துணி. சித்திரையில் மெல்லிய பருத்திச் சட்டை, ஐப்பசி மழை தொடங்கியதும் கனத்த கம்பளிச் சட்டை. அந்த மலைக்குளிர் லேசுப்பட்டதில்லை. சரியான கம்பளி இல்லாத பிள்ளை மார்கழியைத் தாண்டுவதே பெரும்பாடு.

அந்த வருஷம் ராஜாவுக்குக் குளத்து நடுவில் நீராழி மண்டபம் கட்ட ஆசை வந்துவிட்டது. குளிரில் பல் கிட்டிக்கொள்ளும் ஊரில் நீராழி மண்டபம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கா சபையில் சம்பளம் கொடுக்கிறார்கள்? பொக்கிஷத்திலோ பணம் போதவில்லை. பொக்கிஷதாரர் சிதம்பரேசர் யோசித்தார். அவருடைய யோசனை எப்போதும் அடுத்தவர் வயிற்றில்தான் போய் முடியும். இந்தத் தடவை ஒரு மாறுதலுக்கு முதுகில் போய் முடிந்தது.

“அரசே, துணி பாழாவதற்குக் காரணமே பிள்ளைகள் வளர்வதுதான். போன வருஷச் சட்டை இந்த வருஷம் பற்றவில்லை என்கிறார்கள். எல்லோருக்கும் பன்னிரண்டு வயசு அளவில் ஒரே ஒரு கம்பளிச் சட்டை தைத்துவிடலாம். வளர்கிற பிள்ளைகள்தானே, சட்டைக்குத் தக்கபடி வளர்ந்துகொள்வார்கள்.”

“அதுவரைக்கும்?”

“மடித்துப் போட்டுக்கொள்ளட்டும்.”

ராஜா பூரித்துப்போனார். கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அவருக்குப் போட்டார். கையோடு ஒரு கட்டளையும் போட்டார். இந்தத் திட்டத்தைக் குறை சொல்பவர் யாரானாலும், எல்லாப் பிள்ளைகளின் துணிச் செலவையும் அவரே ஏற்க வேண்டும். அதற்குப் பிறகு நாட்டில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லாமல் போய்விட்டது.

சபையில் சாதுர்யக்காரர் என்று பெயரெடுத்தவர் வேம்பையன். அவரைத் தேடி ஒருநாள் செண்பகம் வந்தாள். அரண்மனை மடைப்பள்ளியில் நெல் குத்துகிறவள். இடுப்பில் நாலு வயசு மகள் பொன்னி. பொன்னி என்று சொன்னதால்தான் தெரிந்தது. பார்த்தால் ஒரு கம்பளி மூட்டை.

“ஐயா, சட்டைக்குள்ள புள்ளை எங்க இருக்கான்னு தேட வேண்டியிருக்கு. கழுத்து வழியா காத்து பூந்து ஓயாம இருமுறா. நேத்து சட்டை தடுக்கிப் படியில விழுந்து பல்லு போச்சு. வாயத் தொறந்தா ஊருப் புள்ளைங்க செலவெல்லாம் என் தலையில விழுமாம். நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?”

வேம்பையன் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. அவருக்கும்தான் கொதித்தது. ஆனால் கோபத்தைக் காட்டினால் காரியம் கெட்டுவிடும். குழந்தையை வைத்தியரிடம் அனுப்பிவிட்டு, சிரித்த முகத்தோடு சபைக்குப் போனார்.

“அரசே, பொக்கிஷதாரரின் திட்டத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். இவ்வளவு நல்ல திட்டத்தை வேலைக்காரர்களோடு நிறுத்திக்கொண்டாரே என்பதுதான் என் வருத்தம். நாலு நாளில் இளவரசருக்கு யுவராஜப் பட்டம் சூட்டப் போகிறோம். அந்த உடுப்புச் செலவை என்னிடம் விடுங்கள், மிச்சம் பிடித்துக் காட்டுகிறேன்.”

மிச்சம் என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜாவுக்கு மண்டபத் தூண்கள் கண்ணில் தெரிந்தன. உடனே சம்மதித்தார்.

பட்டம் சூட்டும் நாள் வந்தது. அண்டை நாட்டு ராஜாக்கள் வந்து அமர்ந்தார்கள். நாகஸ்வரம் முழங்கியது. ஆறு வயசு இளவரசர் சபைக்குள் நுழைந்தார். நுழைந்தது அவர்தான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டார்கள். மேலே ஒரு மகுடம், கீழே ஒரு பட்டுக் குவியல், நடுவில் ஆளைக் காணோம். மகுடம் தோளில் உட்கார்ந்திருந்தது. உள்ளிருந்து, “அப்பா, எங்க இருக்கீங்க?” என்று ஒரு குரல் வந்தது. பிறகு அந்தக் குவியல் பக்கத்துத் தூணைப் பணிவாகக் கும்பிட்டுவிட்டு, கால் தடுக்கி விழுந்தது.

அண்டை நாட்டு ராஜாக்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் இருமல் வந்துவிட்டது. முத்துவீர பூபதி ஓடிப்போய் மகனைத் துணிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார். முட்டி சிராய்த்திருந்தது.

“வேம்பையா, என்ன காரியம் செய்தாய்?”

“மிச்சம் பிடித்தேன், அரசே. தங்கள் அளவுக்கே உடுப்பும் மகுடமும் செய்யச் சொன்னேன். வளர்கிற பிள்ளைதானே? அதுவரை மடித்துப் போட்டுக்கொள்ளட்டும். மகுடத்தை மட்டும் எப்படி மடிப்பது என்று பொக்கிஷதாரர் சொல்லிக் கொடுப்பார்.”

சிதம்பரேசர் பதறினார். “இளவரசரும் வேலைக்காரப் பிள்ளைகளும் ஒன்றா? இவர் ராஜ வம்சம். பாலும் நெய்யும் சாப்பிட்டு மளமளவென்று வளர்கிறவர். அதுகள் கூழ் குடிக்கிற பிள்ளைகள், மெதுவாகத்தான் வளரும்.”

“அப்படியானால் மெதுவாக வளர்கிறவர்களுக்குத்தானே சின்னச் சட்டை தைத்திருக்க வேண்டும்?” என்றார் வேம்பையன்.

பிறகு ராஜா பக்கம் திரும்பினார்.

“நான் திட்டத்தைக் குறை சொல்லவில்லை, அரசே. செண்பகத்தின் மகள் பொன்னி இந்தத் திட்டத்தில் ஒரு பல்லை மிச்சம் பிடித்துவிட்டாள். குளிர் முடிவதற்குள் அவளையே மிச்சம் பிடித்துவிடுவோமோ என்றுதான் பயமாக இருக்கிறது.”

ராஜா மகனின் முட்டியைத் தடவிக் கொடுத்தார். வெளியூர் போயிருந்த மனசு திரும்பி வந்துவிட்டது. “மண்டபம் வேண்டாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அளவெடுத்து இன்றைக்கே தைக்கத் தொடங்குங்கள்,” என்றார். சிதம்பரேசர் விரலிலிருந்த மோதிரம் வேம்பையன் விரலுக்கு மாறியது.

அப்போதும் சிதம்பரேசர் விடவில்லை. “தைத்து வைத்த பெரிய சட்டைகள் வீணாகிவிடுமே, அரசே. அவற்றை என்ன செய்வது?”

“வீணாவானேன்? இந்தக் குளிர் முடியும்வரை பொக்கிஷதாரரே போட்டுக்கொள்ளட்டும்,” என்றார் வேம்பையன்.

ராஜா சிதம்பரேசரின் தொந்தியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் சட்டை இவருக்கு எப்படியப்பா பற்றும்?”

“பற்றும், அரசே. பிள்ளைகள் சட்டைக்குத் தக்கபடி வளர்வார்கள் என்று சொன்னவர், தானும் சட்டைக்குத் தக்கபடி இளைத்துக்கொள்ள மாட்டாரா?”