ஹெவி ப்ராக்ரஸ்

"ஆறு மாசம் ஆச்சும்மா! எனக்குக் கோபம் குறைஞ்சிருக்கா, இல்லையா? ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்!"

குலசேகரன் கேட்ட கேள்வியில் ஆசிரமக் குன்றே எதிரொலித்தது.

முப்பது வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். பேரனுக்குப் பெயர் வைத்த அன்று, மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருந்த புனே மாப்பிள்ளையை நடுவில் நிறுத்தி, "தப்பு! ஒன்ஸ் மோர்!" என்று சபை நடுங்க அதட்டியவர்.

மகள் சுடர்விழி அன்றே சொல்லிவிட்டாள். "கோபத்தை விடுங்கப்பா. விட்டாச்சுன்னு ஒரு குரு கைப்பட எழுதணும், இவரும் படிக்கிற மாதிரி இங்கிலீஷ்ல. இல்லேன்னா பிறந்தநாளுக்கு வராதீங்க."

பேரனின் முதல் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டே நாள்.

குரு பேச்சியம்மா, சுடர்விழியைவிட இரண்டு வயது சின்னவர். கீரை ஆய்ந்த கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"நீங்களே சொல்லுங்க வாத்தியாரே. நான் பத்தாப்பு. அதுவும் ரெண்டாந்தடவை."

குலசேகரன் செருமினார். வகுப்பே எழுந்து நிற்கிற செருமல்.

"ஹி ஹேஸ் மேட் ஸ்டெடி ப்ராக்ரஸ்."

பேச்சியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். குலசேகரன் எட்டிப் பார்த்தார்.

'ஹி டிட் ஹெவி ப்ராக்ரஸ்.'

"டிட் இல்லம்மா. மேட்."

"செஞ்சாருன்னா டிட்தானே?"

"ஹோம்வொர்க்குக்கு டிட். ப்ராக்ரஸுக்கு மேட்."

"யாரு போட்ட சட்டம்?"

"சட்டம் இல்ல. அந்த ரெண்டும் அப்படித்தான் சேரும். இட்லிக்குச் சட்னி மாதிரி."

"எங்க வீட்டுல இட்லிக்கு மீன்குழம்பு."

குலசேகரனுக்கு மூக்கு விடைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சை எண்ணி விட்டார். ஆறு மாதமாக அவர் படித்த பாடம் அது ஒன்றுதான்.

"சரி. இந்த ஹெவி எங்கேருந்து வந்தது?"

"மழை ஹெவி. ட்ராஃபிக் ஹெவி. நீங்க பட்ட பாடு மட்டும் லேசா?"

"குட் போடுங்க. ஸ்லோ போடுங்க. கன்சிடரபிள் போடுங்க. ஹெவி மட்டும் வேண்டாம்!"

"கன்சி... அது என்ன கஞ்சி?"

"கன்-சி-ட-ர-பிள்!"

"வாயில நுழையல. எனக்கு ஹெவிதான் பிடிச்சிருக்கு."

இரண்டாவது தாள் கொடுத்தார்.

'ஹி டிட் ஹெவி ஹெவி ப்ராக்ரஸ்.'

மூன்றாவது தாள்.

'ஹி இஸ் டூயிங் ஹெவி ப்ராக்ரஸ்.'

"மேக்! மேக்! மேக்! எத்தனை தடவைடி சொல்றது? மண்டையில என்ன களிமண்ணா?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. போச்சு. எல்லாம் போச்சு."

பேச்சியம்மா விட்ட இடத்திலிருந்து கீரையை ஆயத் தொடங்கினார்.

"மகளுக்கு இங்கிலீஷ் யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

"இப்படியேவா?"

குலசேகரன் தரையைப் பார்த்தே சொன்னார்.

"ஹாஸ்டல்லேருந்து எனக்கு லெட்டர் போடுவா. எல்லாத்தையும் சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்புவேன். அப்புறம் அவ எழுதுறதையே விட்டுட்டா."

கீழே பால் ஜீப் ஹாரன் அடித்தது. தபாலும் அதில்தான் போகும். இனி நாலு நாள் கழித்துத்தான் தபால் எடுக்கும்.

பேச்சியம்மா மூன்றாவது தாளில் கையெழுத்துப் போட்டார். உறையில் விலாசம் எழுதினார். தாள், உறை, பேனா மூன்றையும் அவர் முன்னால் வைத்தார்.

"நான் இப்பதானம்மா உங்களைத் திட்டினேன். இது பொய் இல்லையா?"

"உங்க கையிலதான இருக்கு" என்றவர் கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

குலசேகரன் பேனாவின் மூடியைக் கழற்றினார். முனை நேராக 'டூயிங்' மேலே போய் நின்றது. அதை அடித்துவிட்டு மேலே 'மேக்கிங்' என்று ஆறே எழுத்து. மாப்பிள்ளை படிப்பார். சம்பந்தி படிப்பார். ஆங்கிலப் பேராசிரியரின் குரு!

ஹாரன் மறுபடி அடித்தது.

சுடர்விழியும் படிப்பாள்.

பேனாவை மூடினார். தாளை மடித்து உள்ளே திணித்தார். உறையை நாக்கால் நனைத்து, உள்ளங்கையால் அறைந்து ஒட்டினார். செருப்பில்லாமல் சரிவில் இறங்கி ஓடி, டிரைவர் மடியில் அதை எறிந்தார்.

"எடுப்பா வண்டிய! நான் பிரிக்கிறதுக்குள்ள கிளம்பு!"