யாரும் நிற்காத முன்வரிசை

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி வரும். கதை முடிவதற்குள்ளேயே விடை சொல்ல வாய் துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். அவசரப்பட்டவர்கள் பலர் இதில் மூக்குடைபட்டிருக்கிறார்கள்.

வன்னியில் பூவரசன்மோட்டை என்றொரு ஊர். போர்க்காலத்தில் ஒரு நாள், அந்த ஊர்ப் பள்ளியின் காலைக் கூட்டத்தில் எறிகணை விழுந்தது. ஆறாம் வகுப்பு வரிசையின் முன்பக்கம் நின்ற பிள்ளைகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதன் பிறகு ஆண்டுதோறும் அதே நாளில் ஆறாம் வகுப்பு மட்டும் பின்தள்ளி நிற்கும். முன்னால் வெறும் மண் கிடக்கும். பேச்சில்லை, படமில்லை. சற்று நேரம் அப்படி நின்றுவிட்டு வகுப்புக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

மங்களேஸ்வரி அந்தப் பள்ளிக்கு அதிபராக, அதாவது தலைமையாசிரியராக, வந்த அன்று, பள்ளி வேலிக்கு அடுத்த வீட்டுச் செல்வநிதி அவரைத் தேடி வந்தாள். அவளுடைய மகளும் அந்த முன்வரிசையில் நின்றவள்.

“டீச்சர், என்ர பிள்ளை நிண்ட இடத்தில ஒருத்தரையும் நிக்க விடாதேங்கோ.”

“நான் அதிபரா இருக்குமட்டும் விடமாட்டன், அக்கா.”

சொன்னபடியே நடந்துவந்தார். போர் முடிந்த பிறகு ஓர் ஆண்டு அரசின் சுற்றறிக்கை வந்தது. அதே நாளில் எல்லாப் பள்ளிகளும் போர் வெற்றி விழாக் கொண்டாட வேண்டும். விளக்கு, பூ, பெயர் வாசிப்பு, மௌனம் எதுவும் கூடாது. மௌனத்தையும் தடை செய்ய முடியும் என்பது மங்களேஸ்வரிக்கு அன்றுதான் தெரிந்தது. உறுதிமொழி எழுதித் தராவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தர வகுப்பைப் பள்ளியில் மூடிவிடுவோம் என்றார் கல்வித் திணைக்கள மேலதிகாரி. மூடினால் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலருடைய படிப்பு அத்தோடு முடிந்தது. மங்களேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: ‘நான் அதிபராக இருக்கும் வரை இந்த முற்றத்தில் நினைவுகூரல் எதுவும் நடைபெறாது.’

அந்த நாளும் வந்தது. பிள்ளைகள் பழக்கப்படியே நின்றார்கள். மேலதிகாரி நேரிலேயே வந்திருந்தார்.

“இதென்ன ஓட்டை? வரிசைய முன்னுக்கு எடுங்கோ!” என்றார் உடற்பயிற்சி ஆசிரியர் சிவரூபனிடம். தினமும் காலையில் விசில் ஊதி, பிள்ளைகளைக் கை விரித்து இடைவெளி எடுக்கச் சொல்லிப் பயிற்சி கொடுப்பவர் அவர்தான். சிவரூபன் கழுத்து விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அந்த மண்ணில ஒரு பிள்ளையையும் என்னால நிப்பாட்ட ஏலாது, சேர். வேணுமெண்டா நீங்களே ஊதுங்கோ.”

அதிகாரி மங்களேஸ்வரியைப் பார்த்தார். மங்களேஸ்வரி வேலியைப் பார்த்தார். செல்வநிதி அங்கே நின்றாள். ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காத்தால் மற்றவருக்குக் கொடுத்தது பொய்யாகிவிடும். இரண்டு வாக்கிலும் பொதுவாக இருந்த சொற்கள் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தன. சாவிக்கொத்தை எடுத்து அதிகாரியின் கையில் வைத்தார்.

“இந்த நிமிசத்தில இருந்து நான் அதிபர் இல்லை.”

நிமிர்ந்த தலையோடு வாசலைத் தாண்டிப் போய், வேலிக்கு வெளியே நின்றுகொண்டார்.

அதிகாரி அத்தோடு விடவில்லை. மாணவத் தலைவி தர்மிகாவைக் கூப்பிட்டார். உயர்தர வகுப்புக்காரி. “நீ சொல்லு பிள்ளை.”

“சரி சேர்” என்றாள் அவள். ஆறாம் வகுப்பை முன்னே வரச் சொன்னாள். சின்னப் பிள்ளைகள் தயங்கித் தயங்கி அந்த மண்ணில் கால் வைத்தார்கள். செல்வநிதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

தர்மிகா அடுத்த கட்டளையைக் கத்தினாள்: “எல்லாரும் கை விரிச்சு இடைவெளி எடுங்கோ!”

முழுப் பள்ளியும் விரிந்தது. ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலும் இன்னொரு பிள்ளை நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. முற்றம் போதாமல் வரிசைகள் வேலிவரை வந்துவிட்டன.

“என்ன செய்யிறாய்?” என்று அதிகாரி பாய்ந்தார்.

“ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு இப்பிடித்தான் நிக்கிறனாங்கள், சேர்.”

அவர் சுற்றறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். இடைவெளியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த வெற்றிடங்களுக்கு நடுவே நின்றுதான் அவர் வெற்றிக் கொடியை ஏற்ற வேண்டியிருந்தது.

சிவரூபனுக்குத் தொலைதூர ஊருக்கு இடமாற்றம் வந்தது. உயர்தர வகுப்பு தப்பியது. இப்போது சொல்லுங்கள்: அடியோடு மறுத்த ஆசிரியர், பதவியை விட்டு வாக்கைக் காத்த அதிபர், அந்த மண்ணை மிதிக்க விட்டு முற்றம் முழுவதும் இடம் பிடித்த மாணவி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: தர்மிகா செய்ததே சரி. சிவரூபனின் துணிச்சலைக் கும்பிடலாம், ஆனால் அவர் மறுத்தது தன் கையால் நடக்கக் கூடாது என்றுதான். மங்களேஸ்வரி தன் சொல்லைக் காப்பாற்றினார், இடத்தைக் காப்பாற்றவில்லை. அன்று மாலை செல்வநிதி அதை முகத்துக்கு நேரே சொன்னாள்: “நீங்க வெளிய வந்தது எனக்குப் பிடிக்கேல்ல, டீச்சர். பிள்ளையள் உள்ளுக்குத்தானே நிண்டவை. என்ர பிள்ளைக்குத் தர்மிகாதான் இடம் எடுத்துத் தந்தவள்.” அடுத்த ஆண்டுச் சுற்றறிக்கையில், பள்ளி முற்றத்தில் இடைவெளி விட்டு நிற்கக் கூடாது என்று ஒரு வரி கூடியிருந்தது. தெருவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு அதே நாள் காலை மங்களேஸ்வரி வீடு வீடாகப் போய் ஊரையே தெருவுக்கு அழைத்துவந்து, வேலி நெடுக, ஆளுக்கொரு பிள்ளை நிற்கும் இடம் விட்டு நிறுத்தினார். செல்வநிதிக்குப் பக்கத்து இடத்தை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததாகத் தானும் நின்றார்.