ஒசாகாவில் ஒரு காராச்சேவுக் கடை

மொட்டையனூர்க்காரர்கள் ஜப்பானுக்குப் போய்க் கடை போட்ட கதை இது. சொல்கிறவனும் அந்த ஊர்தான். அதனால் தாராளமாகச் சிரிக்கலாம், கோபித்துக்கொள்ள ஆள் இல்லை.

மாசிலாமணி, அவருடைய மச்சினன் வேலாண்டி, பங்காளி சொரிமுத்து. மூன்று பேரும் ஒசாகா நகரத்து மால் ஒன்றில் காராச்சேவுக் கடை திறந்தார்கள். மூவரில் தனக்குத்தான் மூளை அதிகம் என்று மாசிலாமணி நம்பினார். மற்ற இருவரும் தங்களைப் பற்றி அப்படியே நம்பினார்கள். ஆகவே வயதைப் பார்த்து அவரையே முதலாளி ஆக்கினார்கள்.

இருபது வருஷமாக அங்கேயே இருக்கும் சங்கிலி அண்ணாச்சி வந்து புத்தி சொன்னார்.

"ஊர்ப் பழக்கம் தெரிஞ்சு வியாபாரம் பண்ணணும்ப்பா. சத்தம் கூடாது. வர்றவங்க குனிஞ்சா நீங்களும் குனியணும், அவங்க நிமிர்றதுக்கு முன்னால நிமிரக் கூடாது. கஸ்டமரைக் கடவுளா நெனைக்கணும். மால்காரங்க ஒரு வாரம் பார்ப்பாங்க. வியாபாரம் ஆகலேன்னா காலி பண்ணச் சொல்லிருவாங்க."

சொல்லிவிட்டு அவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்.

"அத்தான், சத்தம் கூடாதுன்னாரே. நம்ம சேவைக் கடிச்சா நாலு வீட்டுக்குக் கேக்குமே?" என்றான் வேலாண்டி.

"தண்ணியில ஊறப் போட்டா?" என்றான் சொரிமுத்து.

மாசிலாமணிக்கு நெஞ்சு வலித்தது. அந்த மொறுமொறுப்புக்குத்தான் ஊரில் பெயர். ஆனாலும் பழக்கம் பழக்கம்தானே. ஊறப் போட்டார்கள். மதியத்துக்குள் அது கஞ்சியானது. இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

"பாத்தீங்களா, அவங்களும் சத்தமே போடல" என்று வேலாண்டி திருப்திப்பட்டான்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்து குனிந்தார். மூவரும் குனிந்தார்கள். இவர்கள் நிமிராததைப் பார்த்து, மரியாதை தெரிந்த அந்த மனுஷனும் நிமிரவில்லை.

"மாப்ளே, நிமிர்ந்துட்டாரா?"

"தரைதான் தெரியுது அத்தான்."

கால் மணி நேரம் கழித்து, பெரியவர் குனிந்தபடியே பின்னால் நடந்து தப்பித்தார்.

ஏழாம் நாளும் வந்தது. கிளம்பும்போது ஊரே மாலை போட்டு அனுப்பியிருந்தது. வெறுங்கையோடு போய் எப்படி முகத்தைக் காட்டுவது? மாசிலாமணி கண் கலங்கினார்.

"அண்ணே, கஸ்டமரைக் கடவுளா நெனைக்கச் சொன்னாரே. நாம இன்னும் சூடமே காட்டலியே!" என்றான் சொரிமுத்து.

"அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேணுமேடா. இந்த ஊர்க்காரங்களுக்கு நட்சத்திரம் உண்டா?"

"வானம் எல்லாருக்கும் ஒண்ணுதானே அத்தான்" என்றான் வேலாண்டி.

அடுத்து வந்த அம்மாளுக்கு முன்னால் தட்டு நிறையச் சூடம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினார் மாசிலாமணி. அம்மாள் ஓடிவிட்டார். கூரையில் அபாயமணி அலறியது. ஐந்தே நிமிஷத்தில் தீயணைப்பு வீரர்கள் ஆறு பேர் வந்து இறங்கினார்கள்.

ஒரே சமயத்தில் ஆறு கடவுள்! மாசிலாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நைவேத்தியத்துக்கு ஊறின சேவு ஆகாது என்று, டப்பாவில் மிச்சமிருந்த புதுச் சேவை இரண்டு கையிலும் அள்ளி நீட்டினார். அவர்களின் தலைவர், மறுத்தால் தப்பாகிவிடுமே என்று ஒன்றை எடுத்துக் கடித்தார்.

மொறுக்!

அவர் கண் விரிந்தது. இன்னும் ஒரு கை அள்ளினார். மற்ற ஐவரும் தலைக்கவசத்தோடு அவர் பின்னால் வரிசையில் நின்றார்கள். தீயணைப்புக்காரர்களே நிற்கிறார்கள் என்றால் சும்மாவா என்று, போகிறவர் வருகிறவரெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். வரிசை மாலின் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது.

சாயந்தரம் ஒசாகா திரும்பிய சங்கிலி அண்ணாச்சி அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார். உள்ளே ஓடினால் கடையில் ஆளைக் காணோம். தேடிக்கொண்டே தெருவுக்கு வந்தார். வரிசையின் கடைசியில் மூவரும் கையில் பையோடு நின்றிருந்தார்கள்.

"அட பாவிகளா! கடையில யாருடா இருக்கா?"

"தெரியல அண்ணாச்சி, கூட்டத்தைப் பாத்து நாங்களும் வந்து நின்னோம்" என்றார் மாசிலாமணி, பெருமூச்சோடு. "ஆனா பெரிய கெட்டிக்காரனாத்தான் இருக்கணும். வியாபாரம்னா இப்படில்லா நடக்கணும்! நமக்கு எங்க அந்த மூளை? சரி, சரி, குறுக்கே நிக்காம பின்னால வாங்க."