யாளி வாயில் உருண்ட கல்

உன்னைத்தான் சொல்கிறேன். திரும்பிப் பார்க்காதே, உன் பின்னால் யாரும் இல்லை. ஒரு பொய்யைக் கதையென்று ஊர் தலையில் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாயே, உன்னைத்தான். பேரைச் சொல்ல மாட்டேன். கதையை மட்டும் சொல்கிறேன். கேட்கிறவர்கள் ஒழுங்காகக் கேட்டால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மலைகளெல்லாம் உட்கார இடம் தேடி அலைந்துகொண்டிருந்த காலம். அப்போது நீர்மங்கலம் என்றொரு ராஜ்யம். ராஜ்யத்துக்கு ஓர் ஏரி. ஏரிக்கு ஒரு மடை. மடைமேல் ஒரு கல் யாளி. சிங்க முகம், பிளந்த வாய், வாய்க்குள் உருளும் ஒரு கல் குண்டு. ஏரியில் தண்ணீர் தளும்பியது. வயலில் ஒரு சொட்டு இல்லை. மடை அடைத்துக் கிடந்தது.

"யாளி ஒரு கதை சொல்லும், ஒரு கேள்வி கேட்கும். சரியாகப் பதில் சொன்னால் மடை திறக்கும்" என்று ராஜா தண்டோரா போட்டிருந்தார். ஜனங்களுக்கு ஒரு வழி காட்டினாரே என்று ராஜாவுக்கு நல்ல பேர்.

போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. கல்லாகிக் கரையிலேயே நின்றார்கள். எல்லாச் சிலையும் சுட்டுவிரலை மேலே தூக்கியபடி நின்றது. ஏன் தெரியுமா? நீர்மங்கலத்துப் பள்ளிக்கூடத்துப் பழக்கம் அது. கதை முடிந்ததோ இல்லையோ, விரலைத் தூக்கி, "இக்கதையின் நீதி யாதெனில்" என்று ஆரம்பித்துவிட வேண்டும். கதைக்குள் என்ன நடந்தது என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை.

அந்த ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி. மாட்டுத் தரகு அவள் தொழில். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. சந்தையில் ஏமாந்து ஏமாந்து படித்தவள். மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு விலைபோகாத காளையைப் போல அலுத்துச் சலித்து வீட்டுக்கு வந்தால், தங்கை பூங்காவனத்தைக் காணோம். குடத்தையும் காணோம்.

ஏரிக்கரைக்கு ஓடினாள். பூங்காவனம் அங்கே நின்றாள். இடுப்பில் கல் குடம், உயரே கல் விரல்.

"அடிப் பாவி மகளே, நீயுமா விரலைத் தூக்கினே?"

அழக்கூடத் தெம்பில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். யாளியின் காலடியில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"கதை கேட்கிறாயா?" என்றது யாளி.

"என் தங்கச்சியைக் குடு. கதையெல்லாம் உன்கிட்டேயே இருக்கட்டும்."

"பதில் சொன்னால் அவளும் எழுவாள். மூன்று பதில் சொல்லலாம். முதல் பதில் தப்பினால் கால் கல்லாகும். அடுத்தது தப்பினால் இடுப்பு. அதற்கடுத்தது தப்பினால் தலை."

"நல்ல வியாபாரம்தான். சொல்லித் தொலை."

யாளி சொன்னது. "ஒரு ராஜா. அவருக்கு ஒரே மகன். ஒருநாள் மகன் வேட்டைக்குப் போனான். அரண்மனைச் சுவரில் அவனுடைய ஒரே வில் தொங்கியது. காட்டில் புலிகள் அதிகம். மகன் வீடு திரும்பவில்லை. ராஜா அழுதார், ஊரும் அழுதது. மகனுக்கு அவர் திதி கொடுக்கவில்லை. மகனை விட்டுப் பிரியாத நாய் ஏரிக்கரையில் போய்ப் படுத்துக்கொண்டது. ராஜாவுக்கு நல்ல பேர். மகன் எங்கே?"

"இதென்ன பெரிய கேள்வி? புலி அடிச்சிருக்கும்."

கால் கனத்தது. குனிந்து பார்த்தால் முழங்கால்வரை கல்.

சிலம்பாயிக்கு வந்த கோபத்துக்கு, கால் இருந்தால் உதைத்திருப்பாள். "யோவ் யாளி! சந்தையிலே ஒரு மாட்டைக்கூட நாலு தடவை நடக்கவிட்டுத்தான் வாங்குவோம். கதையை இன்னொரு தடவை சொல்லு!"

யாளியின் கண் ஒரு கணம் மின்னியது. "திரும்பச் சொல் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றது. திரும்பச் சொன்னது.

விற்கிறவன் கொம்பைக் காட்டினால் சிலம்பாயி குளம்பைப் பார்ப்பாள். இப்போதும் அப்படித்தான் கேட்டாள். புலி, அழுகை, நல்ல பேர் எல்லாம் கொம்பு. குளம்பு எங்கே?

"நில்லு. ஒரே வில்லு சுவத்துல தொங்குதுன்னியே. வில்லு இல்லாம எவன் வேட்டைக்குப் போவான்? அவன் போகவே இல்லை!"

"சரி. அப்படியானால் எங்கே?"

"அப்பன்காரன் கொன்னு புதைச்சிட்டான்!"

அவசரம். இடுப்புவரை கல்லானது. மூச்சு வாங்கியது. நிமிர்ந்தால் தங்கையின் கல் முகம். அதில் கல்லாய் உறைந்த ஒரு துளி வேர்வை. சிலம்பாயி கண்ணை மூடிக்கொண்டாள். கோபத்துக்கே களைத்துப் போயிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுப்பா. மெதுவாச் சொல்லு" என்றாள்.

யாளி மெதுவாகச் சொன்னது. அவள் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். திதி கொடுக்கவில்லை. ஊருக்கு முன்னால் அழத் தெரிந்தவருக்குத் திதி கொடுக்க மட்டும் மறந்துபோகுமா? மகன் உயிரோடு இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். நாய் ஏரிக்கரையில் போய்ப் படுத்துக்கொண்டது. அவனை விட்டுப் பிரியாத நாய்.

கண்ணைத் திறந்தாள். கிழட்டு நாய் யாளியின் பாதத்தில் முகவாயை வைத்துப் படுத்திருந்தது.

அவள் விரலைத் தூக்கவில்லை. கையை நீட்டி அந்தக் கல் பாதத்தைத் தொட்டாள்.

"நீதானா சாமி அது?"

யாளியின் வாயிலிருந்த குண்டு உருண்டு வந்து தண்ணீரில் விழுந்தது. கல் தோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே ஒடிசலாக ஓர் இளைஞன். நாய் எழுந்து நிற்க முடியாமல் எழுந்து நின்று வாலை ஆட்டியது.

"படகில் உலாவ ஏரியை நிரப்பி வைத்திருந்தார் அப்பா. மடையைத் திறங்கள் என்று சபையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்" என்றான் அவன். "மந்திரவாதியை வைத்து என்னையே மடைக்குக் காவலாக்கிவிட்டார். அரண்மனை எழுதிக்கொடுத்த கதையைத்தான் சொல்ல முடியும். வில், திதி, நாய், இந்த மூன்றை மட்டும் நடுவில் ஒளித்து வைத்தேன். யாராவது கேட்பார்களா என்று."

மடை திறந்தது. சிலம்பாயியின் கால் சதையாகி முடிவதற்குள் தண்ணீர் வந்து அதை நனைத்தது. கரை முழுக்க விரல்கள் இறங்கின.

"அக்கா, கை வலிக்குது" என்றாள் பூங்காவனம்.

"வலிக்கட்டும். இனிமே நீதி சொல்றதுக்கு முந்தி கதையைக் கேளு" என்று சொல்லித் தங்கையை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

பிறகு எல்லோருமாக அரண்மனைக்கு நடந்தார்கள். முன்னால் நாய், அதன் பின்னால் மகன், அவன் பின்னால் கல்லாய் நின்று களைத்த ஜனங்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்கள். இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்கிறதா உனக்கு? தண்ணீர் வயலுக்குப் போய்விட்டது, உன் படகு தரைதட்டிவிட்டது. சுமந்த நல்ல பேர் போதும், இறக்கி வை. உன் மகன் வாசலில் நிற்கிறான். எழுந்து வந்து கதவைத் திற. அவனை ஊர் முன்னால் மகனே என்று கூப்பிடு. கதையை முதலிலிருந்து சொல், இந்தத் தடவை உள்ளது உள்ளபடி சொல்.