நீளம் போதவில்லை

மழை கேட்காமலே பெய்த காலம் அது. மந்திரிகளும் கேட்காமலே ஆலோசனை சொன்ன காலம். அப்போது நெல்லூற்று நாடு என்று ஒன்று இருந்ததாம். அதை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டாராம்.

ராஜா, பெண் பிள்ளைகளுக்கென்று ஏரிக்கரை முடிவில் ஒரு பாடசாலை கட்டினார். நல்ல காரியம். ஆனால் கரை நடுவே ஓர் ஆலமரம். மரத்தடியில் வேலைவெட்டி இல்லாத வாலிபர் கூட்டம். பிள்ளைகள் அந்த வழியே போனால் சீட்டி அடிப்பார்கள், புங்கங்காயை வீசுவார்கள். கூட்டத்துக்குத் தலைவன் கோதண்டம். மந்திரி அனந்தமுடையாரின் ஒரே மகன்.

முதல் புகார் சபைக்கு வந்தது. மந்திரி ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பெண் என்ன உடுத்தியிருந்தாள்?"

"பாவாடை, தாவணி."

"அதானே பார்த்தேன். நீளம் போதவில்லை."

பாவாடை தரையைக் கூட்டும்படி இறக்கப்பட்டது. சீட்டி நிற்கவில்லை. மறுபடி புகார். "நீளம் போதவில்லை" என்றார் மந்திரி. தலையிலிருந்து கால்வரை ஒரு கம்பளிப் போர்வை வந்தது, அதுவும் சித்திரை வெயிலில். அப்புறம் வாயைச் சுற்றி ஒரு துணி. சிரிப்பது வெளியே தெரியக் கூடாதாம். பாடசாலை வாசலில் அளவுகோலோடு ஒரு காவலாளி. ஒரு விரற்கடை குறைந்தாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவான், தன்னந்தனியாக, அதே ஆலமரத்து வழியாக. எல்லாம் பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டுத்தான்.

ஆலமரத்தடியில் மட்டும் யாரும் எதையும் அளக்கவில்லை.

ஒரு நாள் செக்காட்டும் மாடசாமியின் மகள் வடிவு, அந்தக் கூட்டம் துரத்தியதில் ஓடப் பார்த்தாள். பாவாடை காலைச் சுற்றியது. கரையிலிருந்து உருண்டாள். கை முறிந்தது. "படித்தது போதும் தாயீ, இனிமேல் செக்கடியிலேயே இரு" என்றார் மாடசாமி.

கையில் கட்டோடு வடிவு நேரே ஆலாலசுந்தரத்தின் வீட்டுக்குப் போனாள். சபையில் ராஜாவைச் சிரிக்கவைப்பது அவர் உத்தியோகம். சிரிக்காத நேரத்தில் உண்மையும் சொல்லுவார்.

"ஐயா, எங்க செக்குல மாடு மிரண்டா மாட்டுக்குத்தான் கண்ணைக் கட்டுவோம். செக்குக்குப் போர்வை போர்த்த மாட்டோம். மந்திரி வீட்டுல வேற மாதிரியா?"

ஆலாலசுந்தரம் "உங்க வீட்டுல கண்பட்டை கூடுதலா இருக்கா அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை ராஜா சலிப்போடு இருந்தார். மாறுவேடத்தில் ஊர் சுற்றிப் பார்ப்பது அவருக்கு உயிர். ஆனால் வளையல் செட்டியாகப் போனாலும் சரி, பண்டாரமாகப் போனாலும் சரி, அந்த மீசையைப் பார்த்ததும் ஊரே கும்பிட்டுவிடும்.

"மகாராஜா, உங்களைப் பெற்ற தாயே அடையாளம் காண முடியாத வேடம் ஒன்று இருக்கிறது" என்றார் ஆலாலசுந்தரம். "நம் மந்திரியே யோசித்து யோசித்துத் தைத்தது."

மறுநாள் காலை ஏரிக்கரையில் ஒரு மாணவி நடந்தாள். சற்றே உயரமான மாணவி. பாவாடை தரையைக் கூட்டியது. போர்வை தலையை மூடியது. துணி வாயை மூடியது. ஒரு குறை சொல்ல முடியாது.

"மானே, அன்னநடை பிரமாதம்" என்றது ஆலமரத்தடி.

மாணவி வேகமாக நடந்தாள். பாவாடை தடுக்கி முழங்காலில் விழுந்தாள். புங்கங்காய் ஒன்று மூக்கில் பட்டது. அதட்டப் பார்த்தாள், வாய்த்துணிக்குள் "ம்ம்ம்" என்றுதான் வந்தது.

"கொஞ்சுறா பாருடா" என்றான் கோதண்டம்.

அன்றைக்கே சபை கூடியது. ராஜா மூக்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடசாமியும் வடிவும் ஓர் ஓரமாக நின்றார்கள். ஆலாலசுந்தரம் எழுந்தார்.

"மந்திரியாரே, காலையில் ஏரிக்கரையில் இன்னொன்று நடந்துவிட்டது. உங்கள் மகன்தான் முன்னால் நின்றானாம்."

மந்திரி அலுத்துக்கொண்டார். "வாலிபப் பிள்ளை, விளையாட்டு. அந்தப் பெண் என்ன உடுத்தியிருந்தாள்?"

"நீங்கள் சொன்ன அத்தனையும்" என்றார் ராஜா.

"அப்படியானால் நடையில் ஏதோ தளுக்கு இருந்திருக்கும்."

"முழங்கால் வீங்கியிருந்தது."

"சிரித்திருப்பாள் மகாராஜா. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"வாயைத்தான் கட்டியிருந்தீர்களே."

"நல்ல குடும்பத்துப் பெண்ணாக இருந்தால்..."

"என் குடும்பத்தைப் பற்றி மேலே சொல்லுங்கள் அனந்தமுடையாரே. கேட்கிறேன்."

சபையில் ஓர் ஈ பறந்தது. அது எல்லோருக்கும் கேட்டது. மந்திரி ராஜாவின் மூக்கைப் பார்த்தார். அதன் நுனி புங்கங்காய் அளவுக்குச் சிவந்திருந்தது.

"ஓட முடியவில்லை, கத்த முடியவில்லை" என்றார் ராஜா. "துணியில்லாமல் மிச்சமிருந்தது மூக்கு ஒன்றுதான். அதைத்தான் குறி பார்த்து அடித்தான் உம் பிள்ளை. இதற்குப் பெயர் பாதுகாப்பா? ஆலாலசுந்தரம், என்ன செய்யலாம்?"

"யோசனை என்னுடையதில்லை, வடிவு சொன்னது." ஆலாலசுந்தரம் மடியிலிருந்து செக்குமாட்டுக் கண்பட்டைகளை எடுத்து வைத்தார். "மிரளுகிற மாட்டுக்குத்தான் இதைக் கட்டுவார்களாம்."

ராஜா சிரித்தார். மூக்கு வலித்தது, ஆனாலும் சிரித்தார். போர்வையும் வாய்த்துணியும் அன்றோடு ஒழிந்தன. பாவாடை ஓடுவதற்குத் தோதாக ஏறியது. அளவுகோல் காவலாளி பாடசாலை வாசலை விட்டு ஆலமரத்தடிக்குப் போனான். கோதண்டமும் கூட்டாளிகளும் கண்பட்டையோடு செக்கைச் சுற்றப் போனார்கள். மாடசாமியின் மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. ஆலாலசுந்தரத்துக்குப் பட்டுச் சால்வை. அதை அவர் வடிவின் முறிந்த கைக்குத் தூளியாகக் கட்டிவிட்டார்.

"நாளைக்குப் பாடசாலைக்கு நேரத்தோடு எழும்பணும் தாயீ" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனார் மாடசாமி. சபை கலைந்தது. மந்திரி மட்டும் தயங்கித் தயங்கி ஆலாலசுந்தரத்திடம் வந்தார்.

"பிள்ளை கண் கட்டியிருந்தும் செக்கடியில் யாரையோ பார்த்துச் சீட்டி அடித்ததாக நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிட்டால்? அவன் சுபாவம் எனக்குத் தெரியும். அப்போது என்ன செய்வீர்கள்?"

"கவலையை விடுங்கள் மந்திரியாரே. பட்டையின் நீளம் போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போவோம்."

மந்திரி அங்கவஸ்திரத்தைத் தோளில் சரிசெய்தார், அது எதுவரை தொங்குகிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்தார், வாசலைப் பார்த்து நடந்தார்.